கொம்பு ஊதிய பிறகு கேட்ட வெடி

போன மாதம் பத்திரிகையில் நாலே நாலு வரி வந்திருந்தது. ஜொகூர்ப் பக்கம் பன்றி வேட்டைக்குப் போன இடத்தில், காடு கலைக்கப் போன தமிழாள் ஒருவனுக்குத் தோளில் குண்டடி. எதிர்பாராத விபத்தாம். அந்த ஆள் அவசரப்பட்டுப் புதரை விட்டு வெளியே வந்ததே காரணம் என்று உடன் சென்ற கனவான்கள் தெரிவித்தார்களாம். சுட்டவர் பெயரும் இல்லை, அடிபட்டவன் பெயரும் இல்லை. பன்றி எத்தனை விழுந்தது என்று மட்டும் சரியாகப் போட்டிருந்தார்கள்.

நான் வேலை பார்த்து ஓய்ந்த துப்பாக்கிக் கடையில் இப்போது இருக்கிற இரண்டு பேர் அதைக் கொண்டுவந்து காட்டி, "நீங்க அந்தக் காலத்துல வேட்டைக்குத் தண்டலா போனவராமே, இப்படித்தான் நடக்குமா?" என்று கேட்டார்கள். தண்டல் என்றால் கூலியாட்களுக்குத் தலைவன். எனக்கு வந்த கோபத்தில் அவர்களைத்தான் திட்டினேன். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள். மறுநாள் ஒரு குயர் தாள் வாங்கிவரச் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அது ஜெர்மன்காரனோடு நடந்த முதல் பெரிய சண்டைக்குப் பல வருஷம் முன்னால் தெம்பனிஸ் சாலையில் ஒரு காலை வேளையில் நடந்தது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் வேறு சிலவற்றைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்த மலாய் நாட்டுக்கு வந்த எனக்கு ஹை ஸ்திரீட் பக்கம் ஒரு துப்பாக்கிக் கடையில் துடைக்கிற வேலை கிடைத்தது. எண்ணெய், கந்தல் துணி, நீளக் குச்சி. இந்த ஊர் ஈரத்தில் ஒரு வாரம் விட்டால் குழாயில் துரு பூத்துவிடும். மூன்று வருஷம் அதுதான் பிழைப்பு. அங்கே நானாகக் கற்றுக்கொண்டது ஒன்று: "காலி" என்று சொல்லி எந்தத் துப்பாக்கி வந்தாலும் முதலில் குழலை மடித்துத் திறந்து பார்க்க வேண்டும். காலி என்று வந்த துப்பாக்கிகளுக்குள் தோட்டா உட்கார்ந்திருந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதை எடுத்துக் காட்டினால் ஒரு கனவான்கூட முகம் வாடியதில்லை. "ஓ, அப்படியா" என்று சிரித்துவிட்டு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். குழல் என் வயிற்றுக்கு நேரே இருந்தது என்பது அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது.

அந்தக் காலத்தில் சிராங்கூன் சாலை நெடுக உள்ளே போனால் சீனர்களின் மரவள்ளி, அன்னாசித் தோட்டங்கள். காட்டுப்பன்றி இரவில் வந்து உழுதுவிட்டுப் போகும். அதைச் சாக்காக வைத்து வெள்ளைக்காரத் துரைமார்கள் சிலர் கூடி ஒரு வேட்டைச் சங்கம் வைத்திருந்தார்கள். தகரம் தட்டிப் பன்றியை விரட்டிவர ஆட்கள் வேண்டும், அவர்களை மேய்க்கத் தண்டல் ஒருவன் வேண்டும். கடைக்கு வந்துபோய்க்கொண்டிருந்த சங்கத்துச் செயலாளர் துரை என்னைக் கூப்பிட்டுக்கொண்டார்.

அவரை நாங்கள் கோசோங் துரை என்போம். கோசோங் என்றால் மலாயில் காலி. பெயர் வந்த கதை இதுதான். வயல் வாய்க்காலோ வேலியோ குறுக்கே வந்தால் அவர் நின்றுவிடுவார். துப்பாக்கியை மடித்துத் திறந்து, இரண்டு தோட்டாவையும் உருவிக் கையில் வைத்துக்கொண்டு, குழலைத் தமக்குப் பக்கத்தில் நிற்கிறவன் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டுவார். வெளிச்சம் அந்தப் பக்கம் தெரிய வேண்டும். "கோசோங்" என்பார். நாம் பார்த்துவிட்டுத் தலையாட்டினால்தான் தாண்டுவார். பக்கத்தில் நிற்பவர் பெரிய வியாபாரியா, மாடு கறக்கிறவனா என்ற பேச்சே கிடையாது. ஒல்லி, நெட்டை, வெயிலில் உரிந்து சிவந்த காது. சிரித்து நான் பார்த்ததில்லை. கம்பெனி ஒன்றில் பெரிய உத்தியோகம்.

அவர் வைத்த ஒழுங்கைச் சொல்கிறேன். துப்பாக்கிக்காரர்கள் காட்டின் ஒரு பக்கம் வரிசையாக நிற்பார்கள். யாருக்கு எந்த இடம் என்பதற்கு மூங்கில் சீவலில் எண் போட்டுத் தொப்பிக்குள் குலுக்கி எடுக்க வேண்டும். நல்ல இடம் வேண்டும் என்று யாரும் கேட்கக் கூடாது. ஒவ்வொரு இடத்திலும் வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக வெள்ளையடித்த கழிகள் இரண்டை அவரே நட்டுவைப்பார். அந்த இரண்டு கழிக்கும் நடுவில் மட்டும்தான் சுடலாம். பன்றி கழியைத் தாண்டி ஓடினால் அது அடுத்தவர் பன்றி. துப்பாக்கி அதன் பின்னாலேயே திரும்பக் கூடாது. புல் அசைந்தால் சுடக் கூடாது. சத்தத்தைக் கேட்டுச் சுடக் கூடாது. காதிலிருந்து வால் வரை கண்ணால் பார்த்துவிட்டுத்தான் விசையில் விரல் போகலாம். ஆட்டம் முடிகிற வரை நின்ற இடத்தை விட்டு ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது.

எங்கள் பக்கத்து ஒழுங்கு என் கையில் இருந்தது. காட்டின் மறுபக்கத்திலிருந்து தகரம் தட்டிக்கொண்டு வருவோம். குறித்த எல்லை ஒன்று இருக்கும், பெரும்பாலும் பழைய வாய்க்கால். அங்கே வந்ததும் எல்லோரும் பள்ளத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். தலை தெரியக் கூடாது. நான் இரண்டு பக்கமும் தலைகளை எண்ணிப் பார்த்து, ஆள் குறையவில்லை என்றால், பித்தளைக் கொம்பை மூன்று முறை ஊதுவேன். மூன்றாவது ஊதல் முடிந்துவிட்டால் எங்கள் பக்கமாக ஒரு குண்டும் வரக் கூடாது. துரைமார்கள் துப்பாக்கியைத் திறந்துவிட வேண்டும். அதன் பிறகுதான் ஆட்கள் எழுவார்கள்.

என் ஆட்களில் பாதிப் பேர் தேக்கா மாட்டுக் கொட்டகைகளில் வேலை செய்த தமிழர்கள். மீதிப் பாதி குதிரை பார்த்துக்கொண்ட பாவியான் தீவுக்காரர்கள். அவர்கள் முஸ்லிம்கள், பன்றியைத் தொட மாட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டு, விழுந்த பன்றியைத் தூக்கக் கோசோங் துரை தனியாகச் சீன ஆட்களை வைத்திருந்தார். மரியாதை என்றால் அதுதான் என்று நான் அன்றைக்கு நினைத்தேன்.

ஒருநாள் சிராங்கூன் ஆற்றோரச் சேற்றில் உள்ளான் குருவி வேட்டை. பெரிய இடத்து விருந்தாளி ஒருவர் வாய்க்கால் தாண்டுவதற்காக என்னிடம் துப்பாக்கியை நீட்டினார். திறக்கவில்லை. வேலைக்காரன் முன்னால் குழலைத் திறந்து காட்டுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். நானும் மடையன் மாதிரி வாங்கிக்கொண்டேன். கோசோங் துரை எங்கிருந்தோ வந்தார். என் கையிலிருந்து அதை வாங்கித் திறந்தார். உள்ளே இரண்டு தோட்டா. இரண்டையும் விருந்தாளியின் உள்ளங்கையில் வைத்து, இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொன்னார். அந்த ஆள் முகம் கன்றிப்போயிற்று.

பிறகு என் பக்கம் திரும்பினார். அவருடைய தமிழ் மாட்டுக் கொட்டகையில் கற்ற தமிழ்.

"தண்டல், இனிமே யார் குடுத்தாலும் வாங்காதே. ராஜா குடுத்தாலும் வாங்காதே. தொறந்து காட்டணும், அப்புறம் வாங்கணும்."

"சரி துரை."

"நீ செத்தா இந்த ஆள் மன்னிச்சுக்கோ சொல்லுவான். நீ எழுந்திருப்பியா?"

விருந்தாளிக்கு வண்டி கொண்டுவரச் சொல்லி அப்போதே ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு கூலிக்காரன் உயிருக்காக ஒரு கனவானைத் திருப்பி அனுப்புகிற மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவரை அன்று மனசில் எந்த உயரத்தில் தூக்கி வைத்தேன் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இனி காத்தமுத்து. தேக்காவில் எருமை கறக்கிறவன், முப்பது வயது இருக்கும். பயந்த சுபாவம். தகரத்தை எல்லோரையும் விடப் பலமாகத் தட்டுவான், பன்றி தன் பக்கம் வந்துவிடக் கூடாது என்று. பள்ளத்தில் உட்கார்ந்தால் லேசில் எழ மாட்டான். மற்றவர்கள் எழுந்து பத்தடி நடந்த பிறகு இவன் தலை மெல்ல மேலே வரும். "எல்லாருக்கும் மூணு ஊதுனா இவனுக்கு மட்டும் நாலாவது ஊதணும்" என்று கேலி செய்வார்கள். கொம்புக்கு முன்னால் எழுவது எங்களுக்குள் பெரிய அவமானம். ஒருவன் முந்தி எழுந்தால் பன்றி திசை மாறி, துப்பாக்கிகளும் அதன் பின்னால் திரும்பி, மற்றவர்களுக்கும் ஆபத்து. ஒருமுறை அப்படி எழுந்த ஒருவனை ஆட்களே சேர்ந்து இனி வராதே என்று விலக்கிவிட்டார்கள். அவனோடு ஒன்றாக உட்கார்ந்து டீ குடிக்கக்கூட யாரும் வரவில்லை. இதை வாசிக்கிறவர்கள் மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

சில வருஷங்களில் கோசோங் துரைக்குக் கம்பெனியில் இன்னும் பெரிய உத்தியோகம் வந்தது. செயலாளர் வேலையை விட்டுவிட்டு, சும்மா துப்பாக்கிக்காரராக மட்டும் வந்துகொண்டிருந்தார். புதிதாக வந்தவரை ஆட்கள் விருந்து துரை என்றார்கள். நல்ல மனிதர்தான், சிரித்த முகம். அவர் காலத்தில் வேட்டை கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. மாட்டு வண்டியில் மேசை நாற்காலி வரும். காலையிலேயே பிராந்தி உடைப்பார்கள். சீவல் குலுக்குவது நின்றது. விருந்தாளிக்கு நடு இடம் என்று ஆயிற்று. வெள்ளைக் கழிகளையும் எடுத்துவிட்டார். பெரிய மனிதர்களைக் குழந்தைகள் மாதிரி வேலிக்குள் நிற்க வைப்பது மரியாதையில்லையாம்.

நான் போய்ச் சொன்னேன். சங்கத்துக் கிராணி, அதாவது கணக்கு எழுதுகிற தமிழர், மொழிபெயர்த்தார். துரை என் தோளைத் தட்டினார்.

"கொம்பை நீ பாத்துக்க தண்டல், துப்பாக்கிய நாங்க பாத்துக்கிறோம்ங்கிறார்" என்றார் கிராணி.

கோசோங் துரை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்தக் காலை வந்தது. தெம்பனிஸ் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தோல் பதனிட உதவுகிற கம்பீர்ச் செடி வளர்த்துக் கைவிடப்பட்ட தோட்டம் ஒன்று. லாலாங் புல் மார்பளவு. மறு எல்லையில் புதிதாக நட்ட ரப்பர் கன்றுகள் இடுப்பளவு நின்றன. துப்பாக்கிகள் எட்டு. அதில் ஒருவர் கப்பலில் ஊர் சுற்ற வந்த விருந்தாளி. கோசோங் துரையின் கம்பெனி முதலாளிக்கு மைத்துனர். நடு இடம் அவருக்கு. அவருக்கு அடுத்த வலப்பக்க இடத்தில் கோசோங் துரை.

இருபத்திரண்டு பேரோடு தகரம் தட்டிக்கொண்டு வந்தோம். வழியில் பன்றிகள் கிளம்பின, வெடிச் சத்தம் கேட்டது, யாரோ கத்தினார்கள், ஏதோ விழுந்தது. தோட்டத்துப் பழைய வாய்க்காலை அடைந்ததும் எல்லோரையும் உட்கார வைத்தேன். அங்கிருந்து துப்பாக்கிகளுக்கு அறுபது தப்படி. இடப்புறம் எண்ணினேன், பதினொன்று. வலப்புறம் எண்ணினேன், பதினொன்று. கடைசித் தலை காத்தமுத்துவுடையது. கொம்பை ஊதினேன். முதல் ஊதல், இரண்டாவது ஊதல், மூன்றாவது ஊதல். காற்று எங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து அவர்கள் பக்கமாக அடித்தது. அந்தக் கொம்பு அரை மைல் கேட்கும்.

ஆட்கள் எழுந்தார்கள். நான் எழுந்தேன். தகரங்களைத் தோளில் போட்டுக்கொண்டு புல்லை விலக்கி நடந்தோம். காத்தமுத்து வழக்கம்போல் கடைசியாக எழுந்தான். அவன் எழுந்து நின்றதை நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவன் அவனைப் பார்த்து ஏதோ கேலி பேசி, அவன் பல்லைக் காட்டியதுகூட நினைவிருக்கிறது. அந்த நேரத்தில் புல்லுக்குள் பதுங்கிக் கிடந்த பன்றிக்குட்டி ஒன்று எங்களுக்கும் துப்பாக்கிகளுக்கும் நடுவில் வெளிப்பட்டு வலப்புறமாக ஓடியது. விருந்தாளியின் குழல் அதன் பின்னாலேயே திரும்பியதைக் கண்ணால் பார்த்தேன். என்னைக் கடந்தது. எனக்கு அடுத்தவனைக் கடந்தது. வெடித்தது.

காத்தமுத்து புல்லுக்குள் உட்கார்ந்தான். மறுபடி பயந்து உட்கார்ந்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஓடிப் போய்ப் பார்த்தால் வலது முழங்காலும் தொடையும் கிழிந்து கிடந்தன. பன்றிக்குப் போடுகிற பெரிய ரவை. அவன் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டான்.

"கொம்பு கேட்டுத்தான் எந்திரிச்சேன் அண்ணே."

"தெரியும்டா. பேசாதே."

"எல்லாரும் எந்திரிச்சப்புறந்தான் எந்திரிச்சேன்."

தண்ணீரும் துணியும் கேட்டுத் துப்பாக்கிகளின் பக்கம் ஓடினேன். கோசோங் துரை எதிரே ஓடி வந்துகொண்டிருந்தார். அவருடைய துப்பாக்கி இடது முழங்கையில் மடிந்து திறந்து தொங்கியது. வலது கையில் இரண்டு தோட்டா. கொம்பைக் கேட்டதும் திறந்துவிட்டார் என்று அர்த்தம். அவருக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. துப்பாக்கியை அப்படியே தரையில் வைத்துவிட்டுத் தம் கழுத்துத் துணியை உருவிக் காத்தமுத்துவின் தொடையை இறுக்கிக் கட்டினார். கட்டியது அவர்தான், அதனால்தான் அவன் பிழைத்தான். நியாயத்தை நான் மறைக்கவில்லை. விருந்தாளியோ நின்ற இடத்திலிருந்தே ஏதோ கேட்டார். பன்றி விழுந்ததா என்று கேட்டாராம். கிராணி பிறகு சொன்னார்.

மாட்டு வண்டியில் மேசை நாற்காலியை இறக்கிவிட்டுக் காத்தமுத்துவைப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கால் பிழைத்தது, முழங்கால் மடங்கவில்லை.

வெளியே யாருக்கும் சொல்ல வேண்டாம், சங்கமே விசாரித்துக்கொள்ளும் என்றார்கள். விசாரணைக்கு முதல் நாள் விருந்து துரை என்னைக் கூப்பிட்டனுப்பினார். கிராணிதான் தலையைக் குனிந்துகொண்டு பேசினார்.

"இங்க பாருங்க. கொம்பு சரியா ஊதலை, மெதுவா ஊதிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. யாருக்கும் தப்பில்லைன்னு முடிஞ்சிடும். உங்களை ஒண்ணும் பண்ண மாட்டாங்களாம், துரை வாக்குக் குடுக்கிறார்."

"நான் மெதுவா ஊதலையே."

"எனக்குத் தெரியாதா? அடிபட்டவன் மேலயும் பழி வராது, யோசிச்சுப் பாருங்க."

யோசிக்கவே இல்லை. முடியாது என்று வந்துவிட்டேன். அன்று அது நேர்மை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். என் கொம்பு மேல் எனக்கிருந்த கர்வமும் அதில் பாதி. பிறகு நடந்ததைப் பார்த்த பின், அந்தப் பொய்யைச் சொல்லி என் தலையில் போட்டுக்கொண்டிருக்கலாமே என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். 

விசாரணை ஒரு துரையின் பங்களா வராந்தாவில் நடந்தது. நாற்காலிகள் அரைவட்டமாகப் போட்டிருந்தன. எட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள், கையில் எலுமிச்சைத் தண்ணீர். என் ஆட்களில் ஒருவரையும் கூப்பிடவில்லை. நான் மட்டும் படியோரத்தில் நின்றேன்.

விருந்தாளி சொன்னார்: சுட்டேன், அதற்குப் பிறகுதான் கொம்பு கேட்டது. மற்றவர்கள் ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள். முதலில் வெடி, பின்னால் கொம்பு. அப்படியானால் கொம்புக்கு முன்னாலேயே காத்தமுத்து எழுந்துவிட்டான் என்று ஆகிறது. என்னைக் கேட்டார்கள். மூன்று முறை ஊதிய பிறகுதான் வெடித்தது என்றேன். ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத் தவிக்கிற ஆளைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி.

கடைசியாகக் கோசோங் துரையிடம் கேட்டார்கள். எனக்குக் கவலையே இல்லை. மற்ற ஏழு பேரும் என்ன சொன்னால் என்ன, இவர் சொல்லிவிட்டால் முடிந்தது என்று நிம்மதியாக நின்றிருந்தேன். அவர் தம் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார். கிராணி என் பக்கம் திரும்பவில்லை.

"என்ன சொன்னார்?"

"எது முதல்ல கேட்டுதுன்னு உறுதியாச் சொல்ல முடியலையாம்."



"துரையோட துப்பாக்கி தொறந்திருந்துதுன்னு சொல்லுங்க. தோட்டா ரெண்டும் கையில இருந்துது. கொம்பு கேக்காமயா தொறந்தார்னு கேளுங்க."

"இதைச் சொல்லணுமா?" என்று கிராணி முணுமுணுத்தார்.

"சொல்லுங்க ஐயா."

சொன்னார்.  கோசோங் துரை இப்போது என்னை நேராகப் பார்த்தார். தமக்கு இனிப் பன்றி வராது என்று தோன்றினால் கொம்புக்கு முன்பே திறந்துவிடுவது உண்டு என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படித் திறந்து நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

இறங்கிப் போகும்போது படியில் அவரை மறித்தேன். அப்படி ஒரு துரையை மறிக்கிற தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"துரை, நீங்களா இப்படி?"

"நான் பொய் சொல்லலை, தண்டல். உறுதியாத் தெரியாதுன்னுதான் சொன்னேன்." தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "விருந்தாளியைக் காட்டிக் குடுக்கறது எங்க வழக்கமில்லை."

"காத்தமுத்துவும் நீங்க கூப்பிட்டு வந்தவன்தானே துரை?"

அவருடைய வண்டிக்காரன் கதவைத் திறந்தான், ஏறிப் போய்விட்டார். வாய்க்காலுக்கு ஒரு மரியாதை, வராந்தாவுக்கு ஒரு மரியாதை வைத்திருக்கிறார்கள். சேற்றில் நிற்கும்போது மாடு கறக்கிறவனுக்கும் குழலைத் திறந்து காட்டுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் ஒருவரை ஒருவர் மூடிக்கொள்வார்கள். நான் மேலே ஏறிப் போய்க் கொம்பை மேசையில் வைத்தேன். மறுநாள் துப்பாக்கிக் கடைக்குத் திரும்பிப் போய் எண்ணெயும் துணியும் கேட்டேன். ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தேன்.

சங்கம் அத்தோடு விடவில்லை. இனி இப்படிப்பட்ட தவறு நேரக் கூடாது என்பதற்காக என்று சொல்லி, தீர்ப்பைத் தமிழில் எழுதிக் கிராணி கையில் கொடுத்து மாட்டுக் கொட்டகையில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கச் சொன்னார்கள். காத்தமுத்து என்பவன் கொம்புக்கு முன் எழுந்ததால் நேர்ந்த விபத்து என்று. கூட இருந்த இருபத்தோரு பேரும் கண்ணால் பார்த்தவர்கள். முதல் வாரம் அந்தத் தீர்ப்பைச் சொல்லிக் காறித் துப்பினார்கள். மாதம் போகப் போக, "நாம குனிஞ்சு உக்காந்திருந்தோம், யாரு எப்ப எந்திரிச்சான்னு நமக்கென்ன தெரியும்" என்று ஒருவன் ஆரம்பித்தான். அடுத்த வேட்டைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தபோது இன்னும் இரண்டு பேர் அப்படிச் சொன்னார்கள். காத்தமுத்து ஆஸ்பத்திரியிலிருந்து கம்பு ஊன்றி வந்தபோது, அவனோடு டீக்கடையில் உட்கார நானும் இன்னொருவனும்தான் இருந்தோம்.

பல வருஷம் கழித்து, சிராங்கூன் சாலையில் கொட்டகை வாசலில் காத்தமுத்து காலை நீட்டி உட்கார்ந்து புல்லுக்கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் இருந்தேன். வண்டிக்காரர் ஒருவர், ஊருக்குப் புதியவர், கால் எப்படி ஆயிற்று என்று கேட்டார்.

"வேட்டையில அடிபட்டது. என் தப்புதான்" என்றான் காத்தமுத்து. "கொம்பு ஊதறதுக்கு முன்னாடி எந்திரிச்சிட்டேன்."

நான் துள்ளி எழுந்தேன்.

"என்னடா சொல்றே? நீ கடைசியா எந்திரிச்சே. நான் பார்த்தேன். அடிபட்டுக் கிடந்தப்போ நீயே சொன்னியே."

"வலியில என்னத்தைச் சொன்னேனோ."

"வலியில இல்லடா, அதுதான் நடந்தது."

"விடுங்கண்ணே." அவன் குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "மத்தவங்க சொன்னா நானும் நம்ப மாட்டேன். கோசோங் துரையே சொல்லிட்டாரே, உறுதியாத் தெரியாதுன்னு. அவரு நம்ம உசிரை எப்படிப் பாத்துக்கிட்டவரு. காலைக் கட்டுனதே அவருதானே. கேட்டிருந்தா கேட்டேன்னு சொல்லியிருக்க மாட்டாரா?"

என்னால் அவனை மாற்ற முடியவில்லை. அன்றும் முடியவில்லை, அதற்குப் பிறகும் முடியவில்லை. காலை முடக்கியதோடு அவர்களுக்குப் போதவில்லை. அவன் காதால் கேட்டதையும் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். தன் தப்பு என்று நம்பிக்கொண்டேதான் காத்தமுத்து செத்தான். அவன் பிள்ளைகளும் இன்றைக்கு அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஜொகூரில் தோளில் அடிபட்டுக் கிடக்கிற அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியாது. அவனிடமும் இந்நேரம் யாராவது போய், நீதான் முந்தி வெளியே வந்தாய் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். நாலு முறை சொன்னால் அவனும் நம்பிவிடுவான். அவனுக்காக நான் எதுவும் சொல்ல முடியாது. அங்கே நான் இல்லை. தெம்பனிஸ் காட்டில் நான் இருந்தேன். வராந்தாவில் யாரும் எழுதிக்கொள்ளாததை இங்கே எழுதி வைக்கிறேன். நான் கொம்பு ஊதினேன். மூன்று முறை ஊதினேன். இருபத்தோரு பேர் எழுந்து நடந்த பிறகு காத்தமுத்து எழுந்தான். அதற்கும் பிறகுதான் அந்த விருந்தாளித் துரை சுட்டார்.